பழைய ஆயில் எஞ்சினும் புயல்நாள் எண்ணெயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் கூட்டுறவுச் சங்கங்களில் விதையும் உரமும் போதிய இருப்பு உள்ளனவா என்ற செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. அந்த இருப்புப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றி எழுத விரும்புகிறேன். வேதாரண்யம் வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளாக விவசாயிகளின் பம்புசெட்டுகளைப் பழுதுபார்த்து வருபவன் நான். நான் சொல்ல வந்த பொருள் எஞ்சின் ஆயில்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்த பிறகு, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்மோட்டார் வந்த பிறகு கொட்டகை மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்த, டீசலில் ஓடும் ஐந்து குதிரைத்திறன் ஆயில் எஞ்சின்களைத்தான் அப்போது மக்கள் வெளியே இழுத்து வந்தார்கள். கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குக் குடிநீர் ஏற்ற வேறு வழி இருக்கவில்லை. டீசல் எப்படியோ கேன்களில் வந்து சேர்ந்தது. ஆயில் வரவில்லை. பத்து ஆண்டு நின்றுபோன எஞ்சினில் பழைய ஆயில் பாதி ஒழுகியும் மீதி தண்ணீர் கலந்து பால்போல வெளுத்தும் இருந்தது. கடைகளோ கூரையிழந்து மூடிக் கிடந்தன. "இப்போதைக்கு எதை ஊற்றலாம்?" என்று அந்த இரண்டு வாரங்களில் என்னைக் கேட்காத ஆள் இல்லை.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடையை இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே பதிவு செய்கிறேன். முதலில் தேட வேண்டியது வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி வைத்த ஆயிலையும், பக்கத்து டிராக்டர்காரரிடம் இருக்கும் ஆயிலையும்தான். வேறு கம்பெனி, வேறு கிரேடு (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்) என்றால் கலக்கக்கூடாது என்ற அச்சம் ஊரெங்கும் இருக்கிறது. அவசரத்துக்கு அந்த அச்சம் தேவையில்லை. 20டபிள்யூ-40 ஆயிலோ 15டபிள்யூ-40 ஆயிலோ, 40-ஆம் எண் ஆயில் கேட்கும் பழைய எஞ்சினில் சேர்ந்து நன்றாகவே ஓடும்.

அது கிடைக்காவிட்டால், ஜேசிபி போன்ற இயந்திரங்களின் கையை இயக்கும் ஹைட்ராலிக் ஆயில். கஜாவுக்குப் பின் விழுந்த தென்னைகளை அகற்றத் தெருவுக்குத் தெரு ஜேசிபி நின்றது. அந்த ஓட்டுநர்களிடம் அறுபத்தெட்டாம் எண் ஹைட்ராலிக் ஆயில் கேன்கள் இருந்தன. அதன் எண்முறை வேறு; தடிமன் எஞ்சின் ஆயிலின் 20-ஆம் எண்ணுக்கு நெருங்கியது, கொஞ்சம் இளக்கம்தான். ஆனால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் கரண்டி ஆயிலை வாரி இறைத்தே எல்லா இடத்தையும் நனைக்கும் பழைய மெதுவேக எஞ்சின், சுமையைக் குறைத்து ஓட்டினால் அதைத் தாங்கிக்கொள்ளும். புகைக்கரியைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தும், டீசல் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிக்கும் மருந்தும் அதில் இல்லை. அதனால் சில மணி நேரத்துக்கு ஏற்றதே தவிர, ஒரு பருவம் முழுவதற்கும் ஏற்றதன்று. ஊர்த்தொட்டிக்கு நீர் ஏற்றிய எங்கள் வீட்டு எஞ்சின் ஆறு நாள் அதில்தான் ஓடியது. மாலைதோறும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினோம்.

தொண்ணூறாம் எண் கியர் ஆயிலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. எண்ணைப் பார்த்து அது எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு தடித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். கியர் ஆயிலுக்கான அளவுமுறையே வேறு. உண்மையில் அதன் தடிமன் எஞ்சின் ஆயிலின் 40, 50-ஆம் எண்களுக்கு ஏறத்தாழச் சமம். ஆனால் அதில் சேர்க்கப்படும் கந்தக மருந்து, சூட்டில் பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசியின் (பிஸ்டன் பின்) புஷ்ஷில் உள்ள வெண்கலத்தை அரிக்கக்கூடும். எனவே வேறு எதுவுமே கிடைக்காதபோது மட்டும் அதைத் தொட வேண்டும்.

அடுத்தது சமையலறை எண்ணெய். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றின் எஞ்சின்கள் ஆமணக்கெண்ணெயில், அதாவது விளக்கெண்ணெயில்தான் ஓடின, காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. நம் பாட்டன்மார் வண்டி அச்சுக்குப் போட்ட மசகும் ஆமணக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் சேர்ந்ததுதானே. விளக்கெண்ணெய் சூட்டிலும் போதிய தடிமனோடு உலோகத்தை விட்டு விலகாமல் நிற்கும். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த ஆயிலோடு அது ஒழுங்காகக் கலக்காது. ஆகவே கிடக்கும் பழைய ஆயிலை முற்றிலும் வடித்த பிறகே ஊற்ற வேண்டும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் சூடேறினால் மிகவும் இளகிவிடும். தேங்காய் எண்ணெய் அவற்றைவிட இளக்கம். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும்.

இந்த இடத்தில்தான் நான் வருந்திச் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது. மாற்று எண்ணெய் ஊற்றியதால் அன்றே கெட்ட எஞ்சின்கள் நான் பார்த்தவரை மிகக் குறைவு. ஊற்றியதை வடிக்க மறந்ததால் கெட்டவை அதிகம். எங்கள் உறவினர் ஒருவர் நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் இறைத்தார். எஞ்சின் குறையில்லாமல் ஓடியது. மின்சாரம் வந்ததும் அப்படியே சாக்கைப் போர்த்திவிட்டார். சித்திரையில் கைப்பிடியைச் சுற்றினால் அசையவே இல்லை. பிரித்துப் பார்த்தபோது, காற்றுப்பட்டுத் தடித்த எண்ணெய் வார்னீஷ் பூசியதுபோல பிஸ்டன் ரிங்குகளைச் சிலிண்டரின் உட்சுவரான லைனரோடு ஒட்டியிருந்தது. தந்தையார் காலத்து எஞ்சின் அது. அதைக் கழற்றிப் போட்ட அன்று அவர் அழுததை நான் மறக்கவில்லை.

ஊற்றவே கூடாதவையும் உண்டு. பட்டறைப் பீப்பாயில் கிடக்கும் கழிவு ஆயிலைத் துணியில் வடித்து ஊற்றிய ஓர் எஞ்சின் மூன்று மணி நேரத்தில் பேரிங் உருகி நின்றது. துணி மண்ணைத் தடுக்குமே தவிர, அதில் கலந்திருக்கும் டீசலையும் அமிலத்தையும் தடுக்காது. பிரேக் ஆயில் ரப்பர் சீல்களைக் கெடுக்கும். ஆயில் போதவில்லை என்று மண்ணெண்ணெய் கலப்பது எஞ்சினை நாமே கொல்வதற்குச் சமம். எதை ஊற்றினாலும் அளவுக்குறியைத் தாண்டி ஊற்றக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த ரிங்குகளின் வழியே மேலேறும் ஆயிலை எரித்துக்கொண்டு, டீசலை அடைத்த பின்னும் தறிகெட்டு ஓடும் எஞ்சினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தான வேலை.

இத்தனை சொன்ன பிறகும், விவசாயி சமையலறையிலும் ஜேசிபியிலும் எண்ணெய் தேட வேண்டிய நிலை வரக்கூடாது என்பதே என் விருப்பம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உரத்தோடு சேர்த்து, 40-ஆம் எண் எஞ்சின் ஆயிலை ஒரு லிட்டர் டின்களில் செப்டம்பர் மாத இறுதிக்குள் இருப்பு வைக்க வேண்டும். கடலோர ஊர் ஒன்றுக்கு இருபது டின்கள் போதும். வேளாண்மைப் பொறியியல் துறையினர் மழைக்கு முன் ஊர்தோறும் ஒரு நாள் வந்து, ஓடாமல் கிடக்கும் ஆயில் எஞ்சின்களின் ஆயிலை மாற்றி, ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கொடுத்தால், நாங்களும் எங்கள் கருவிகளோடு உடன் வந்து கூலியின்றி வேலை செய்யத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பம்புசெட் பழுதுபார்ப்பவர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.