மாத்திரை வேண்டாம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பதவி உயர்வை இரண்டே வரியில் முடித்துவிட்டு மீதியெல்லாம் அக்கா பேரனின் பார்வைக் கோளாறைப் பற்றியே எழுதியிருக்கிறாய். வாழ்த்துகள். நான் ஓய்வு பெற்றும் வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவனுடைய ஜீன் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருக்கும் ஆர்பிஇ65 ஒரு நொதி, அதாவது உடலுக்குள் வேதிவேலை செய்யும் ஒரு புரதம். விழித்திரையில் ஒளியை வாங்கும் வைட்டமின் ஏ மூலக்கூறு வளைந்து இருக்கும். வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்துவிடும். எலிப்பொறி மாதிரிதான், மறுபடி வளைத்து வைத்தால்தான் அடுத்த வெளிச்சத்துக்கு ஆகும். அந்த வளைக்கும் வேலை விழித்திரைக்குப் பின்னாலுள்ள நிறமிப் படலத்தில் நடக்கிறது, செய்வது இந்த நொதி. வேடிக்கை என்னவென்றால், இதில் பழுது வந்தால் பார்வை போகும் என்பது 1997-லேயே தெரியும். வளைப்பதே இதுதான் என்று 2005-இல்தான் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாகக் காட்டின.

வைட்டமின் ஏ மாத்திரை கொடுக்கலாமா என்று அக்கா கேட்கிறார்களே, வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். அவனுக்குச் சரக்கு குறையவில்லை. வளைக்க ஆளில்லாமல் அதே படலத்தில் கொழுப்புத் துளிகளாகக் குவிந்து கிடக்கிறது. மேலும் மேலும் கொடுத்தால் கல்லீரலுக்குத்தான் கேடு.

பொழுது சாய்ந்ததும் சுவரைத் தடவி நடப்பதும், விளக்கையே வெறித்துப் பார்ப்பதும் இந்த நோயில் வழக்கம். ஆரம்பத்தில் கண்ணுக்குள் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் பார்த்த டாக்டர் 'எல்லாம் சரி' என்றதில் ஆச்சரியமில்லை. கைக்குழந்தையிலேயே வந்தால் லீபர் பிறவிப் பார்வையிழப்பு என்பார்கள், தாமதமாக வந்தால் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா.

வழி இருக்கிறது. இந்த நொதியை உண்டாக்கும் ஜீன் பழுதான நாய்களுக்குச் சரியான ஜீனை ஒரு வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தியதில் பார்வை வந்தது, அது 2001. அதே முறையில் வந்த லக்ஸ்டர்னா என்ற ஜீன் சிகிச்சை மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே அறிவித்த விலை கண் ஒன்றுக்கு 4,25,000 டாலர். எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் விலையைப் பார்த்து இப்போதே கையை விரிக்காதீர்கள்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல். ஜீனின் இரண்டு பிரதியும் பழுதா? பெற்றோரின் ரத்தத்தையும் பார்த்தால் தெளிவாகும். அப்புறம், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் அது எவ்வளவு தடிமன்? உயிரோடு செல்கள் மிச்சமிருந்தால்தான் இந்தச் சிகிச்சை பலிக்கும், அதுவும் வயது ஏற ஏறக் குறையும்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கம்தான் அனுப்பியிருக்கிறாய். ஜீனில் எந்த மாற்றம் என்பது அடுத்த பக்கத்தில் இருக்கும், அதையும் அனுப்பு.

உன்,
ராமு