டையில் சிக்கிய தோட்டாக் கூடு: சுத்தியலைக் கீழே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இலக்கு நோக்கிச் சுடும் விளையாட்டைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம்ம ஊர்க்காரர்கள் பலர் இங்கே இந்தப் பக்கம் வந்திருப்பதை ஒரு தமிழ் நாளிதழ் கவனித்ததே சந்தோஷம். ஆனால் சுட்ட பித்தளைத் தோட்டாக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்பவர்களைப் பற்றிய பத்தியில், கூட்டை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சான ‘டை’க்குள் கூடு சிக்கிக்கொண்டால் அந்த டையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான் என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறது. அது சரியில்லை. சிக்கிய கூட்டால் டை கெடுவது அபூர்வம். கோபத்தில் சுத்தியலும் இரும்புக் குழாயும் எடுத்து நாம் செய்கிற வேலையால்தான் அது கெடுகிறது. ஒஹையோவில் எங்கள் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கூடு ஏன் சிக்குகிறது என்று பார்த்துவிடலாம். 30-06 மாதிரியான ரைஃபிள் தோட்டா வெடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரைக்கும் அழுத்தம் போகும். அந்த அழுத்தத்தில் பித்தளை விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டி, பிறகு சற்றே சுருங்கி வெளியே வருகிறது. அப்படியும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவரத்தான் முழு நீள சைஸிங் டை. டையைப் பொருத்தியிருக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தினால் ராம் என்கிற தண்டு மேலே போகும், அதன் தலையில் கூட்டின் அடி விளிம்பைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் நிற்கிற கூடு எஃகு டைக்குள் நுழையும், பக்கவாட்டில் எல்லாப் புறமும் நெருக்கப்படும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்கிற அளவுதான், ஆனால் உலோகத்தோடு உலோகம் உரசுகிற நெருக்கம். நடுவில் மசகுப் படலம் இல்லாவிட்டால் பித்தளை அங்கேயே எஃகைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியைத் திருப்பி இழுக்கும்போது, ஷெல் ஹோல்டர் பிடித்திருக்கிற அந்தச் சின்ன விளிம்பு பிய்ந்து வந்துவிடும், கூடு மட்டும் மேலேயே நின்றுவிடும். கடைசியில் டையின் வாயில் ஓரம் கடித்த மாதிரி ஒரு பித்தளை வட்டம் தெரியும், பிடித்து இழுக்க ஒன்றுமே இருக்காது.

கைத்துப்பாக்கித் தோட்டா மட்டும் நிரப்புபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. 38 ஸ்பெஷல், 45 ஏசிபி போன்ற நேர்ச்சுவர்க் கூடுகளுக்கு கார்பைடு என்கிற மிகக் கடினமான பொருளால் ஆன வளையம் பொருத்திய டை கிடைக்கிறது, அதற்கு எண்ணெய் பூசாமலே வேலை நடக்கும். அதில் பழகிவிட்டு 308 வின்செஸ்டர், 223 ரெமிங்டன் என்று கழுத்து குறுகிய கூடுகளுக்கு வருகிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

மசகு பூசினேனே, அப்புறமும் சிக்கிவிட்டதே என்பார்கள். என்ன பூசினீர்கள், எப்படிப் பூசினீர்கள் என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். லானோலினை, அதாவது ஆட்டுக் கம்பளியில் கிடைக்கிற மெழுகை, ஆல்கஹாலில் கரைத்த ஸ்ப்ரே என்றால், ஆல்கஹால் ஆவியாகி லானோலின் மட்டும் மிஞ்ச வேண்டும், அதற்குச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். தட்டில் கூடுகளை வரிசையாக நிறுத்தி ஒரே பக்கத்திலிருந்து அடித்துவிட்டு ஈரத்தோடு டைக்குள் விட்டால், மறுபக்கத்தில் ஒன்றுமே இருக்காது. நான் பரிந்துரைப்பது டப்பாவில் வருகிற மெழுகு. இம்பீரியல் சைஸிங் டை வேக்ஸ் நன்றாக இருக்கிறது. விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்து, கூட்டின் உடம்பில், முக்கியமாக அடிப்பகுதியை ஒட்டி, உருட்டித் தேய்த்தால் போதும். அடிப்பகுதியில்தான் பித்தளை தடிமன் அதிகம், நெருக்கமும் அதிகம், சிக்குவதும் பெரும்பாலும் அங்கேதான். அதிகமாகப் பூசினாலும் கூட்டின் தோள்பட்டையில், அதாவது கழுத்து குறுகத் தொடங்கும் இடத்தில், எண்ணெய் தேங்கிச் சின்னக் குழி விழும். அது பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர ஆபத்தில்லை. கழுத்தின் உள்புறத்தையும் மறக்கக்கூடாது, உள்ளே போய் வருகிற, கழுத்தை விரித்துச் சரியான அளவாக்கும் குமிழ் அங்கேதான் கிறீச்சிடும். புது டை வாங்கினால், துரு பிடிக்காமல் இருக்கக் தொழிற்சாலையில் பூசியிருக்கும் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கைப்பிடி பேசும், அதைக் கேட்கவும் பழக வேண்டும். பாதி வழியில் வழக்கத்தைவிட இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள், மேலே தள்ளாதீர்கள். கீழே இறக்க முடிந்தால் மெதுவாக இறக்கி, மறுபடி பூசி, மறுபடி ஏற்றுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் பாதி விபத்துகள் நடக்கவே நடக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சரியாகிவிடும் என்று கைப்பிடியில் குழாயைச் செருகி நீளமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சரியாகாது, விளிம்புதான் போகும். பிரஸ்ஸின் இணைப்புகளும் வளையும்.

சரி, சிக்கிவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஃப்ரீசரில் வைத்துப் பார் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். பித்தளை எஃகைவிட அதிகமாகச் சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியில் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூடு 40 டிகிரி குளிர்ந்தால், எஃகுக்கும் பித்தளைக்கும் நடுவில் உண்டாகிற இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்குதான். லேசாகப் பிடித்திருந்தால் அது உதவலாம். விளிம்பு பிய்கிற அளவுக்குக் கவ்வியிருக்கும் கூட்டுக்கு அது போதாது. ஊடுருவும் எண்ணெயை டையின் வாய்வழியாக விட்டு ராத்திரி முழுக்க ஊறவைப்பதும் அப்படித்தான். செய்யலாம், செய்வதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வேலை செய்கிற வழி ஒன்றுதான். துளை போட்டு, மரை போட்டு, போல்ட்டால் இழுப்பது. கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், இதற்கா இவ்வளவு கவலை என்பார். எஞ்சின் பிளாக்கில் ஒடிந்து நிற்கும் ஸ்டட்டை அவர்கள் தினமும் எடுக்கிற மாதிரிதான் இதுவும். இதற்கென்றே ஆர்சிபிஎஸ், ஹார்னடி போன்ற நிறுவனங்கள் சின்னப் பெட்டியாக ஒரு தொகுப்பு விற்கின்றன. ஒரு ட்ரில் பிட், துளைக்குள் மரை வெட்டும் டேப் ஒன்று, ஒரு போல்ட், நடுவில் ஓட்டை உள்ள தடித்த உலோகக் கிண்ணம் ஒன்று, அவ்வளவுதான் அதில் இருக்கும். புது டை செட்டின் விலையோடு பார்த்தால் இது மிகவும் குறைவு.

தொடங்குவதற்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமர் சுட்டதுதானா, வெளியே வந்துவிட்டதா? சுடாத பிரைமர் உள்ள கூடு சிக்கியிருந்தால் ட்ரில்லைத் தொடாதீர்கள். எண்ணெய் விட்டால் பிரைமர் செத்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள். அதை அப்படியே வைத்துவிட்டு அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேளுங்கள். சுட்ட கூடுதான் என்று உறுதியானால் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேற்கொண்டு போகலாம்.

டையின் மேற்புறத்தில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, சுட்ட பிரைமரைத் தள்ளி வெளியேற்றும் கம்பியான டிகேப்பிங் ராடை முடிந்தவரை மேலே ஏற்றுங்கள். பலர் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். ராடின் முனையில் உள்ள ஊசியும் குமிழும் கூட்டுக்குள்ளேயே நிற்கின்றன. மேலே ஏற்றாமல் துளை போட்டால் ட்ரில் நேராகப் போய் அந்தக் கடின எஃகில் மோதும். ட்ரில் மழுங்கும், ஊசி ஒடியும், ஒரு பிரச்சினை மூன்றாகும். குமிழ் கழுத்தில் தட்டி முழுசாக வெளியே வராது, அதனால் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றினால் போதும்.

பிறகு டையைத் தலைகீழாக வைஸில் பிடியுங்கள், இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து. வெளியே இருக்கும் 7/8 அங்குல மரை நசுங்கினால் அந்த டை எந்தப் பிரஸ்ஸிலும் ஏறாது. இப்போது கூட்டின் பின்புறம் மேலே பார்த்தபடி இருக்கும், நடுவில் பிரைமர் குழி, அதன் நடுவில் பிரைமரின் தீ உள்ளே போகிற சின்னத் தீத்துளை. இந்தத் துளைதான் நமக்கு வழிகாட்டி, பஞ்ச் அடித்து மையம் குறிக்கவே வேண்டியதில்லை. எண் 7 ட்ரில், அதாவது 5.1 மில்லிமீட்டர், மெதுவான வேகத்தில். 30-06 மாதிரி பெரிய பிரைமர் கூட்டில் ட்ரில் குழிக்குள் தானாகவே உட்கார்ந்து தீத்துளையை மட்டும் அகலமாக்கும். 223இல் குழியே சிறியது, அதையும் சேர்த்துக் கடைந்துகொண்டு போகும். பித்தளைச் சுருள்கள் சுலபமாக வரும், கையில் எதிர்ப்பு சட்டென்று விலகினால் அடித்தட்டைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம், அங்கே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கால் அங்குல, அங்குலத்துக்கு 20 மரை டேப். ஒரு சொட்டு எண்ணெய், அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். நேராகப் பிடிக்க வேண்டும், அவசரமே கூடாது, ஏனென்றால் நான்கைந்து புரிகள்தான் கிடைக்கும், மொத்த இழுவையையும் அவைதான் தாங்கப்போகின்றன. அமெரிக்க அளவில் டேப் இல்லாதவர்கள் 5 மில்லிமீட்டர் துளையும் எம்6 டேப்பும் வைத்துக்கொள்ளலாம், அதே வேலைதான்.

இனி கிண்ணத்தை டையின் வாய்மேல் கவிழ்த்து, அதன் ஓட்டை வழியாக போல்ட்டை விட்டு, கூட்டில் போட்ட மரையில் திருகுங்கள். போல்ட்டின் தலை கிண்ணத்தில் போய் உட்கார்ந்த பிறகு, ஆலன் கீயால் திருப்பத் திருப்பக் கூடு மேல்நோக்கி இழுக்கப்படும். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், கீ மட்டும் கனக்கும். பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் விரலாலேயே திருப்பலாம், கூடு பளபளவென்று மேலே வரும். கிண்ணம் இல்லாவிட்டால் சாக்கெட் ஒன்றும் நான்கைந்து வாஷரும் போதும், கூட்டின் விளிம்பு உள்ளே நுழைகிற அகலம் சாக்கெட்டுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லீ நிறுவனத்தின் டை வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சுலபம். அதில் ராடை இறுக்குப்பிடிதான் பிடித்திருக்கிறது, மேல் நட்டைத் தளர்த்திவிட்டு மேலிருந்து தட்டியே வெளியேற்றும்படி வடிவமைத்திருக்கிறார்கள். தட்டுவதற்கு அனுமதி அந்த டைக்கு மட்டும்தான். மற்ற டைகளில் மேலிருந்து ராடை அடித்தால் ராட் வளையும், கூடு நகராது. எதுவும் செய்யத் தைரியம் வரவில்லையா, டையைக் கூடோடு தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பிவையுங்கள், எடுத்துத் தருகிற நிறுவனங்கள் பல உண்டு.

பழைய ராணுவக் கூடுகளைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெர்டான் வகைக் கூட்டில் நடுவில் தீத்துளை கிடையாது, ஓரத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். அதை டைக்குள் விட்டால் ஊசி ஒடியும், சிக்கினால் ட்ரில்லுக்கு வழிகாட்டவும் துளை இருக்காது. டார்ச் அடித்து உள்ளே பார்த்துப் பிரித்துவைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

கூடு வந்துவிட்டதே என்று உடனே அடுத்ததை ஏற்றிவிடக் கூடாது. டையைக் கரைப்பானில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து உள்சுவரைப் பாருங்கள். மஞ்சளாகக் கோடு ஓடினால் பித்தளை அங்கே ஒட்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் இனி வருகிற ஒவ்வொரு கூட்டிலும் நீளவாக்கில் கீறல் விழும், அடுத்தது சிக்கவும் அதுவே காரணமாகும். மரக்குச்சியில் துணி சுற்றி மெருகு பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் வேண்டாம், எஃகின் அளவே மாறிவிடும். ஷெல் ஹோல்டரின் உதடு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக. நான் எழுதியது அமெரிக்காவில், சட்டப்படி இதைச் செய்பவர்களுக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

கட்டுரையில் வந்த அந்த ஒரு வரியை அடுத்த ஞாயிறு இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதை நம்பி நல்ல டையைத் தூக்கி எறியப் போகிறவர் யாராவது ஒருவராவது இருப்பார்.

அன்புடன்,
ஒஹையோவில் இருந்து ஒரு வாசகர்