டயரை மாற்றாதே, கணேசா

கெலுகோர், பினாங்கு

அன்புள்ள கணேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. உன் மனைவி கொடுத்தனுப்பிய எண்ணெய்தான் காரணம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், இன்னொரு பாட்டில் அனுப்பச் சொல். மகள் தேன்மொழி பாலிடெக்னிக் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். டைலர் அண்ணன் உன்னை விசாரித்தார். பத்து ஃபெரிங்கி கடற்கரை விவகாரத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "எண்பதைத் தாண்டினா பின்னால ஊங்குன்னு ஒரே சத்தம். டயர் தேஞ்சிருக்கும். தைப்பூசத்துக்கு அங்க வர்றதுக்கு முன்னாடி நாலையும் மாத்திடறேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். இதைக் குறுஞ்செய்தியில் சொன்னால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். டயரை மாற்றாதே. அது டயர் சத்தம் இல்லை, பின்சக்கரப் பேரிங். உன்னுடையதைப் போன்ற என் மாஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் காரிலும் அதே ஊங்கல்தான். இரண்டு பக்கமும் பிரித்து, புதுப் பேரிங் போட்டு இப்போதுதான் முடித்தேன். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை.

உனக்கு எதற்கெடுத்தாலும் டயர்தான். ஸ்டீயரிங் ஆடினால் டயர், பெட்ரோல் அதிகம் குடித்தால் டயர். அந்தக் காலத்து புரோட்டான் வீரா காரில் கிளட்ச் போனதற்கே நீ டயரைத்தானே சொன்னாய்! இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ரோட்டின் மேற்பரப்பு மாறினால் டயர் சத்தமும் மாறும்: புதுத் தார் ரோட்டில் அடங்கும், சொரசொரப்பான இடத்தில் கூடும். பேரிங் சத்தத்துக்கு ரோடு ஒரு பொருட்டே இல்லை, வேகம்தான் கணக்கு. கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் அதே சத்தம் வரும். அப்புறம் வளைவு. நான் ஞாயிறு விடியற்காலையில் இரண்டாவது பாலத்தில் ஓட்டிப் பார்த்தேன். 24 கிலோமீட்டர், அந்த நேரத்தில் வண்டியே இருக்காது, பாலமும் வளைந்து வளைந்துதான் போகும். வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் ஏறியது, இடப்பக்கம் திரும்பும்போது இறங்கியது. வலது வளைவில் வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் போகும். அப்படியென்றால் கெட்டது இடது பேரிங். உன் வண்டியில் எந்தப் பக்கம் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

அதற்கும் மேல் உறுதி வேண்டும் என்றால் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்று, இன்னொரு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் மணல் அரைபடுவது போல உள்ளங்கையில் நரநரவென்று ஏறும். தேன்மொழிதான் பிடித்துப் பார்த்தாள். இடதைப் பிடித்தவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். வலதை மறுபடி மறுபடி சுற்றச் சொல்லி, "இதுவும் ஆரம்பிச்சிடுச்சுப்பா" என்றாள். பிரித்தபோது அவள் சொன்னது சரியாக இருந்தது. என் காதுக்கு வலது பக்கத்தில் எதுவுமே எட்டவில்லை.

பிரித்த பேரிங்கை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். 2017 நவம்பர் வெள்ளத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் நின்றது ஞாபகம் இருக்கிறதா? வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோவதற்குள் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் வரைக்கும் ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரின் வேலைதான் இது என்று நினைக்கிறேன். சீல் ஓரத்தில் கிரீஸ் காப்பி நிறத்தில் குழம்பிக் கிடந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், உள்வளையத்தில் குண்டுகள் ஓடுகிற தடத்தில் அரிசி நுனி அளவுக்குப் பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்தின் ஓரமும் செதில் செதிலாக உரிந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது. அதன்மேல் குண்டு நிமிடத்துக்கு எத்தனை தடவை ஏறி இறங்கும் என்று யோசித்துப் பார்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. உன் வண்டியும் என் வண்டியும் ஒரே யூனோஸ் ரோட்ஸ்டர், ஒரே 1.6 எஞ்சின். அதனால் எனக்குப் பட்டதெல்லாம் உனக்கும் படும்.

முதலில் ஆக்சில் நட். வண்டி தரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடு மூடியை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி அதைத் தளர்த்திவிட வேண்டும். நட்டின் விளிம்பை ஆக்சில் பள்ளத்துக்குள் அடித்து மடித்திருப்பார்கள். அந்த மடிப்பை உளியால் நிமிர்த்திவிட்டுத்தான் சாக்கெட்டை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் மரை போய்விடும். அடுத்தது இந்த வண்டிக்கென்றே பேர்போன வில்லன்: சஸ்பென்ஷனின் கீழ்க்கையையும், பேரிங் உட்கார்ந்திருக்கும் நக்கிளையும் சேர்க்கிற அந்த நீள போல்ட். புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். வலது பக்கம் மரியாதையாக வந்துவிட்டது. இடது பக்கம் அசையவே இல்லை. துரு எண்ணெய் அடித்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மறுபடி எண்ணெய் விட்டு, சாயங்காலம்தான் வெளியே வந்தது. அவசரப்பட்டு முறித்துவிட்டால் கதை கந்தல். நீ இன்றைக்கே போய் எண்ணெயை அடிக்க ஆரம்பித்துவிடு. உள்பக்கத்தில் இருக்கிற கேம் போல்ட்டுகளை மட்டும் தொடாதே. அவற்றைத் தொடாதவரை அலைன்மென்ட் கலையாது. கேலிப்பரைக் கழற்றியதும் கம்பியில் கட்டித் தொங்கவிடு, பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

இவ்வளவும் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அடுத்து வருவதைச் சொல்லத்தான். போன வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இடது பேரிங்கை மாற்றினாயே, "ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டான், கெட்டிக்காரன்" என்று புகழ்ந்தாயே, அவன் பேரிங்கை அழுத்தி இறக்குகிற பிரஸ் வைத்திருந்தானா? சுத்தியலால்தானே இறக்கினான்? நீயே சொன்னாய், சத்தம் தெரு முழுக்கக் கேட்டது என்று. உன் புதுப் பேரிங் அன்றைக்கே செத்துவிட்டது, கணேசா.

பேரிங்கில் இரண்டு வளையம், நடுவில் குண்டுகள். நக்கிளுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும்தான் அழுத்த வேண்டும். அதற்குள் ஹப்பை ஏற்றும்போது அடியில் உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் டன் கணக்கான அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது. கையால் சுற்றினால்கூட வழுவழு என்று ஓடும். சில மாதம் கழித்து ஊங்க ஆரம்பிக்கும். சுத்தியல் அடி என்றால் கேட்கவே வேண்டாம். உன் வண்டியில் இப்போது கேட்கிற சத்தம் அந்தச் சுத்தியலின் சத்தம்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஜெலுத்தோங் ஒர்க்ஷாப் முதலாளி, நம்ம தவுக்கே, ஞாபகம் இருக்கிறாரா? பிரஸ்ஸை அழுத்தும்போது யாரையும் பேசவிட மாட்டாரே, கை நீட்டி வாயை மூடு என்பாரே, அவர்தான். கடையை மூடிவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஆஸ்திரேலியாவில், எடுத்து நடத்த ஆள் இல்லை. நான் போனபோது சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய பிரஸ்ஸை எனக்குக் கொடுத்தார், அதோடு அவர் கையாலேயே கடைந்து வைத்திருந்த வளையங்கள் ஒரு மைலோ டின் நிறைய. ஒவ்வொன்றும் ஒரு பேரிங் அளவுக்கு, ஓரத்தில் வண்டியின் பெயரைச் சீனத்தில் கீறியிருக்கிறார். நம் வண்டிக்கு உரியதை அவரே தேடி எடுத்துத் தந்தார். இப்போதெல்லாம் பாதிக் கடைகளில் ஹாஃப்கட்டிலிருந்து, அதாவது பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டியிலிருந்து, நக்கிளோடு எடுத்து மாட்டிவிடுகிறார்கள். அந்த நக்கிளுக்குள் இருக்கிற பேரிங் எத்தனை வருடம் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? இந்த மனிதரின் கையில் இருந்த வேலையை யாரும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லையே என்று அன்றைக்கு எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. எந்த வளையம் எங்கே உட்கார வேண்டும் என்று அவளிடம் கைபிடித்துக் காட்டினார்.

பிரஸ் இப்போது நம் வீட்டுப் போர்ச்சில் நிற்கிறது. புதுப் பேரிங்கைப் பிளாஸ்டிக்கில் சுற்றி முதல்நாள் ராத்திரியே ஃபிரீசரில் வைத்துவிட்டேன், இட்லிமாவுக்குப் பக்கத்தில். உன் தங்கச்சி போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் பலன் உண்டு. ஐம்பது டிகிரி குளிர்ந்தால் எஃகு 100 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் சுருங்கும். இறுக்கமே அந்த அளவில் இருக்கிற வேலையில் அது பெரிய உதவி. நக்கிளைக் கொஞ்சம் சூடாக்கி, பேரிங்கை நேராக உட்காரவைத்து அழுத்தினோம். கோணாமல், முனகாமல் இறங்கியது. அடியில் போய் உட்கார்ந்ததும் பிரஸ்ஸின் கைப்பிடி கெட்டியானது. தேன்மொழி "போதும்பா" என்றாள், உடனே பேரிங் நகராமல் பிடிக்கும் சர்க்ளிப்பைப் போட்டாள்.

பழைய உள்வளையத்தில் ஒரு பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கிரைண்டரால் முக்கால்வாசி மட்டும் அறுத்துவிட்டு, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் வெடித்து நழுவும். ஹப்பில் கீறல் படக் கூடாது.

கடைசியில் ஆக்சில் நட், 220க்கும் 290க்கும் இடையே நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்யாதே, ஏனென்றால் அந்த இறுக்கம்தான் உள்வளையத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. இறுக்கி முடிக்கும்வரை சக்கரத்தைத் தரையில் இறக்கிப் பாரம் கொடுக்கவும் கூடாது. தேன்மொழி பிரேக்கை மிதித்துக்கொள்ள, நான் இறுக்கினேன்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். இந்த வண்டியில் கோலாலம்பூரிலிருந்து இங்கே வராதே. முந்நூற்றைம்பது கிலோமீட்டர், அதிலும் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலைப்பாதை, பக்கத்திலேயே லோரிகள். பேரிங் தளர்ந்தால் ஹப் ஆடும், அதோடு பிரேக் டிஸ்க்கும் ஆடும், அது பேடைப் பின்னால் தள்ளிவிடும். நீ மிதிக்கும்போது முதல் மிதி சும்மா உள்ளே போகும். இறக்கத்தில் அந்த ஒரு மிதி போதும். பின்னால் பிள்ளைகள் இல்லை, இரண்டு பேர் வண்டிதானே என்று சொல்லாதே. அந்த இரண்டாவது ஆள் உன் மனைவி.

அதனால் நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். வண்டியை வீட்டிலேயே ஸ்டாண்டில் நிறுத்து. இரண்டு நக்கிளையும் ஹப்போடு கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, ஒரு பையில் போட்டுக்கொண்டு இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த் வந்துவிடு. நான் படகுத்துறையில் காத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு முதல்நாள் பிரஸ் வேலையை முடித்துவிடலாம், மறுநாள் தண்ணீர்மலைக்கு நடந்து போவோம். திரும்பும்போது புதுப் பேரிங்கோடு போவாய். பையைத் தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள், நக்கிள் கனம்.

பேரிங்கை நீயே வாங்கி வா. கோயோ, என்.எஸ்.கே., என்.டி.என்., எதுவானாலும் சரி, ஆனால் தெரிந்த கடையில் வாங்கு. போலிப் பெட்டிகள் அசல் பெட்டியைவிடப் பளபளப்பாக வருகின்றன. சீலும் புதிது வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்கு, ஒன்றை மட்டும் மாற்றும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆக்சில் நட்டும் இரண்டு புதிதாக வாங்கு. ஒருமுறை மடித்த நட்டை மறுபடி போடக் கூடாது.

ரயில் டிக்கெட் தைப்பூச வாரத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்றைக்கே எடுத்துவிட்டு, எத்தனை மணி வண்டி என்று தேன்மொழிக்கு ஒரு செய்தி அனுப்பு. என் போனை நான் கவனிப்பதில்லை என்பது உனக்கே தெரியும்.

அன்புடன்,
ராஜன்