கடல் சூழ்ந்தால் கணக்கு எளிதாகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவுகளுக்கே உரிய பாலூட்டிகள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், “சுற்றிலும் கடல் இருப்பதால் கணக்கெடுப்பு எளிது, பிடிபட்ட விலங்குகளைப் பொறி வைத்த பரப்பால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்” என்ற வரியைப் படித்தேன். இவ்வளவு சுலபமான வழி இருப்பதறியாமல் இரவிரவாகப் பொறிகளைச் சுற்றி வந்த எங்களைப் போன்றோருக்கு அதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

பிடிபட்டவை வேறு, இருப்பவை வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணையின் பிராம்பிள் கே என்னும் சிறு மணல்திட்டில் 1998இல் பிடிபட்ட மெலோமிஸ் எலிகள் 42. மதிப்பீடோ 90ஐத் தாண்டியது. அத்தனை சிறிய இடத்திலேயே பாதிக்கு மேல் பொறிக்குத் தப்பின என்றால், காடும் பாறையும் நிறைந்த பெரிய தீவில் என்ன நேரும்? பொறி வரிசைக்கு வெளியே வாழும் விலங்கும் இரையின் மணத்துக்கு உள்ளே வருவதால், வரிசையின் பரப்பால் மட்டும் வகுத்தால் அடர்த்தி பொய்யாக உயரும். வரிசை சிறிதாக இருந்தால் பொய் பெரிதாகும். விலங்கு நடமாடும் பகுதியின் மையத்திலிருந்து பொறி விலக விலகப் பிடிபடும் வாய்ப்பு குறைவதையே கணக்கில் சேர்க்கும் முறையைச் சூழலியலாளர் மரே எஃபர்ட் 2004இல் முன்வைத்தார். அந்தச் செய்தி கட்டுரையாளரை இன்னும் எட்டவில்லை போலும்.

நான் பணிபுரிந்த தீவில் துறவி நண்டுகள் இரையைத் தின்று பொறிகளை மூடிவிடும். அந்த இரவுகளையும் ‘விலங்கு இல்லை’ என்றே பதிவுசெய்யச் சொன்ன மேலாளரோடு மல்லுக்கட்டியவன் என்பதால்தான் இத்தனை எரிச்சல்.

இது முதல் முறையும் அல்ல. முன்பு இரவில் கைவிளக்கடித்து எண்ணியதையும் தானியங்கிக் கேமராவில் பதிவானதையும், முறைகள் வேறு என்று பாராமல், அருகருகே வைத்து ‘பாதியாகச் சரிவு’ என்று தலைப்பிட்டீர்கள்; அதை மறுத்து நான் எழுதிய கடிதம் தங்கள் குப்பைக்கூடைக்காவது பயன்பட்டிருக்கும். கலிபோர்னியாவின் சான் மிகுவல் தீவில் நரிகள் 15ஆகக் குறைந்ததை 1990களின் இறுதியில் உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஆண்டுதோறும் அதே வரிசைகளில் பொறி வைத்ததே.

இனி அடர்த்தி எண்ணை அச்சிடும்போது அருகிலேயே திட்டப்பிழையையும் (மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவு) கணக்கெடுத்த முறையையும் ஒரு வரியில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இடம் போதாதென்றால் கட்டுரையோடு வந்த அரைப்பக்க நரிப் படத்தைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்