குடிநோய்க்கு மனைவியைக் கைகாட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் குடிப்பழக்கம் பற்றி வந்த கட்டுரையில், "மனைவி அன்பாக நடந்துகொண்டால் எந்தக் குடிகாரரும் திருந்திவிடுவார்" என்று ஒரு வரி. என் தகப்பனார் காலத்திலிருந்து தங்கள் இதழை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த வரிக்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவரின் மனைவி நான். எங்கள் பகுதியைத் தாங்கள் அறியாதவரல்லர். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் இந்தச் சித்தூர்த் தாலுகாவிலிருந்துதான் போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வருகிறார்கள். மாதத்தின் முதல் தேதி கேரளத்தில் அரசு மதுக்கடை திறக்காது. அன்று இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி டாஸ்மாக் கடைக்குப் போகிறார்கள். இரண்டு அரசுகளும் ஒருநாள் தவறாமல் ஊற்றிக்கொடுக்கும் ஊரில், குறை என் அன்பில் என்று எழுத எப்படி மனம் வந்தது?

குடி அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் வரிசையில் வைத்திருக்கிறது. நம் நாட்டின் 2017 மனநலச் சட்டமும் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோயில் சேர்த்திருக்கிறது. சர்க்கரை நோயாளியின் மனைவியைப் பார்த்து, நீ சிரித்துப் பேசினால் சர்க்கரை இறங்கிவிடும் என்று யாராவது சொல்கிறார்களா?

"மன உறுதியோடு இன்றே நிறுத்துங்கள்" என்றும் அதே கட்டுரை சொல்கிறது. நாள்தோறும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். சுவரில் பாம்பு ஊர்கிறது என்று என் கணவர் அலறியதை என் மகன் நின்று பார்த்தான். மருத்துவமனையில் சேர்த்து, நடுக்கத்துக்கு மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டுத்தான் அவரைக் காப்பாற்றினார்கள். எழுதியவர் ஒரு மருத்துவரிடமாவது காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கக் கூடாதா?

தங்கள் இதழில் பல வருடங்களாக வரும் விளம்பரத்தையும் சொல்லியாக வேண்டும். "அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரம். என் மாமியார் அதை நம்பிப் பணம் அனுப்பிப் பொடியை வரவழைத்துக் குழம்பில் கலந்தார். அன்றிரவு என் கணவர் குடித்துவிட்டு வந்தார். முகம் சிவந்து, வாந்தியெடுத்து, மூச்சுத் திணறி விழுந்தார். உறையில் மருந்தின் பெயர்கூட இல்லை. குடியை நிறுத்தவைக்க டைசல்பிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதை எடுத்துக்கொண்டு குடித்தால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் நல்ல மருத்துவர்கள் நோயாளியிடம் விளக்கி, சம்மதம் பெற்று, உடலைப் பரிசோதித்த பிறகே அதைக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பொடியில் என்ன இருந்ததென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆலோசனைக்குப் போகச் சொல்கிறீர்கள். போனோம். அரசு மருத்துவமனை ஒன்றில் மலையாளத்தில் கேட்டார்கள். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான மலையாளம் என் கணவருக்கு உண்டு. தன் தகப்பனார் குடித்தே செத்ததைச் சொல்ல அது போதாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அரசுக்குத் தமிழில் எழுத எங்களுக்கு உரிமை உண்டு என்று 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அழுது பேச வேண்டிய அறைக்குள் அந்த உரிமை வரவில்லை. பிறகு ஒரு தனியார் மையம்: கூட்டத்தின் நடுவே நிற்கவைத்து, குடும்பத்தைக் கெடுத்தவன் என்று அவரை ஏசினார்கள். வீடு திரும்பிய வாரமே மறுபடி குடித்தார்.

கடைசியில் கோவையில் ஒரு தமிழ் ஆலோசகர் கிடைத்தார். அவர் ஏசவும் இல்லை, உபதேசமும் செய்யவில்லை. குடியால் கிடைப்பது என்ன, போவது என்ன என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்தார். குடிப்பவர் வாயிலிருந்தே மாறும் எண்ணத்தை வரவழைக்கும் இந்த முறையை வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இலேயே எழுதியிருக்கிறார். அந்த ஆலோசகர் என்னையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். கணவருக்குக் காய்ச்சல் என்று முதலாளியிடம் சொல்வது என் வேலையல்ல என்றார்; குடிக்காத மாலையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்; என் தூக்கத்தையும் என் பிள்ளையின் படிப்பையும் பற்றிக் கேட்டார். அதுவரை என்னைப் பற்றி யாரும் கேட்டதில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-இல் தொடங்கிய ஆல்-அனான் குழுக்களில், இதற்கு நான் காரணமல்ல, என்னால் இதைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ முடியாது என்றுதான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தங்கள் கட்டுரை நேர் எதிரானதைச் சொல்லிக்கொடுக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த விளம்பரத்தை நிறுத்துங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை ஞாயிறுதோறும் எங்கள் எல்லைப் பகுதிப் பதிப்பில் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். இடமில்லையென்றால், அந்தப் பொடி விளம்பரம் வந்த இடத்திலேயே போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.
(என் மகன் பள்ளியில் படிக்கிறான், பெயரை வெளியிட வேண்டாம்.)