கரையை அறிந்தவர்களை அனுப்பிவிட்டீர்கள்

கடற்கரை விடுதியின் புதிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். விடுதி உங்கள் கைக்கு மாறிய பிறகும் வந்து தங்கிய பழைய வாடிக்கையாளர்களில் நானும் ஒருவன். கைமாறியதில் எனக்கு வருத்தமில்லை. முன்பு கூரை ஒழுகியது. குழாயில் வெந்நீர் வருவது அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது. பழைய உரிமையாளர் பழுதுபார்ப்பை ஆண்டுக்காண்டு தள்ளிப்போட்டார். இவற்றையெல்லாம் நீங்கள் சரிசெய்துவிட்டீர்கள். மெத்தைகூட நன்றாக இருக்கிறது. அதற்கு நன்றி. என் மனக்குறை வேறு.

கடலுக்கு இறங்கும் பாதையின் முனையில் ஒரு கரும்பலகை இருந்ததே, நினைவிருக்கிறதா? கரைப் பணியாளர் ஒருவர் காலையில் அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கடல்மட்டம் ஏறி உச்சம் தொடும் உயர் ஓதம் அன்று எத்தனை மணிக்கு, வற்றி அடங்கும் தாழ் ஓதம் எத்தனை மணிக்கு என்று சாக்பீஸால் எழுதுவார். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்று எழுதியது இன்றைக்குச் செல்லாது. நேரத்துக்குக் கீழே ஒரு கோட்டுப்படம்: கரை, மணல்திட்டு, நடுவில் கடலை நோக்கி ஓர் அம்புக்குறி. அலைகள் உடைந்து நுரைக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே தண்ணீர் சாதுவாகத் தெரிகிறதே, பெரும்பாலும் அங்கேதான் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் ஓடும். புதிதாக வருபவர்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பதும் அதே இடத்தைத்தான். மணல்திட்டு நகர்ந்தால் இழுப்பும் இடம் மாறும். மறுநாள் அம்புக்குறியும் மாறியிருக்கும். சிக்கிக்கொண்டால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாதே, கரைக்கு இணையாக நீந்தி அதை விட்டு வெளியே வா என்று குழந்தைகளை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பார்.

அந்த இடத்தில் இப்போது ஒளித்திரை வைத்திருக்கிறீர்கள். மசாஜ் சலுகை, மாலை இசை நிகழ்ச்சி, பிறகு சிரித்தபடி ஒரு ஜோடி, மறுபடியும் மசாஜ். ஓத நேரம் எங்கே என்று கேட்டேன். வரவேற்பு மேசையிலிருந்த இளைஞர் செயலியில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஓத நேரத்தைச் செயலி சொல்லும்தான். நம் கரையில் இன்று காலை இழுப்பு எந்தப் பக்கம் என்பதை அது எங்கே சொல்லப்போகிறது? சொல்லத் தெரிந்தவரின் ஒப்பந்தத்தை நீங்கள் புதுப்பிக்கவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவருக்கும் அதே கதிதான் என்று கேள்விப்பட்டேன். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள்மீது எனக்குக் குறையில்லை, மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பருவத்துக்குப் பருவம் மாற்றி அனுப்பப்படுகிறவர்கள் ஒரு கரையைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த கரைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தத் தோட்டக்காரர் இருந்திருந்தால் அடப்பங்கொடியைப் பிடுங்கவே விட்டிருக்க மாட்டார். அறைகளுக்கு முன்னால் மணல்மேட்டின்மீது ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது அதுதான். உங்கள் ஆட்கள் அதைக் களையென்று அள்ளி, மேட்டையும் சமப்படுத்தி, சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். முன்வரிசைக்குத் தனிக் கட்டணம். கட்டணத்துக்காக நான் சண்டைக்கு வரவில்லை. உட்கார விரும்புகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும். கொடி போனால் காற்றில் வரும் மணலைப் பிடித்துவைக்க அங்கே வேறொன்றுமில்லை என்பதுதான் கவலை. புயல் அலை வரும்போது மணல்மேடு தன் மணலைக் கடலுக்குக் கொடுத்து அலையின் வேகத்தைத் தணிக்கும். கடல் அடங்கியபின் சிற்றலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தரும். இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருந்ததால்தான் விற்பனைக்கு வந்தபோது உங்களுக்கு ஒரு கடற்கரை கிடைத்தது.

மேட்டை எடுத்த கையோடு அங்கே கருங்கல் சுவர் எழுப்பப்போவதாகவும் அறிவித்திருக்கிறீர்கள். சுவர் கட்டடத்தைக் காப்பாற்றலாம், கடற்கரையைக் காப்பாற்றாது. சாய்வான மணலில் ஏறி ஓய வேண்டிய அலை சுவரில் மோதித் திரும்பும்போது அடிமணலைத் தோண்டிக்கொண்டு போகும். சுவருக்கு முன்னாலிருக்கும் கரை ஒடுங்கும். சுவர் முடியும் இடத்தில் அரிப்பு பக்கத்து நிலத்தைப் பிடிக்கும். மெக்சிகோவின் கான்கூனில் மணல்மேடுகள்மீதே ஓட்டல்களை வரிசையாகக் கட்டினார்கள். 2005இல் வில்மா சூறாவளி கரையின் மணலை வாரிக்கொண்டு போனது. மறு ஆண்டு கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டினார்கள். அதில் பெரும்பகுதியும் கரைந்துபோக, சில ஆண்டுகளுக்குள் மறுபடியும் கொட்ட வேண்டியிருந்தது. உங்கள் முதலீட்டாளர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது காட்டினார்களா?

விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில் பழைய நிர்வாகம் கடல் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடும். நாங்கள் தடுமாறித்தான் அறைக்குத் திரும்புவோம், யாரும் முணுமுணுத்ததில்லை. இப்போது தென்னைமரங்களின் உச்சியில்கூட வெள்ளை விளக்கு. ஆமைக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலைவிட்டு வெளிவரும். தாழ்வாகத் தெரியும் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஊரும். இயல்பான கரையில் அந்த வெளிச்சம் கடல் பக்கம் இருக்கும். உங்கள் கரையிலோ அது நீச்சல்குளத்துப் பக்கம் இருக்கிறது. விளக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. தரையை ஒட்டி, கடலுக்கு மறைத்து, மஞ்சள் கலந்த சிவப்பு நிறத்தில் வைத்தால் பாதிப்பு வெகுவாகக் குறையும், நடப்பவர்களும் விழமாட்டார்கள்.

இன்னொன்று, கட்டணம் கட்டியதற்கு அடையாளமாக எங்கள் மணிக்கட்டில் மாட்டிவிடும் கைப்பட்டை. அறை, உணவு, விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் என்ற முறையைப் பரப்பியதில் 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்களோடு தொடங்கிய கிளப் மெட் என்ற விடுமுறை விடுதி நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே பணியாளர்கள் விருந்தினரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீங்கள் ஒரே கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேசையை விட்டுவிட்டீர்கள். இங்கே பணியாளர்கள் என் முகத்தைப் பார்க்கும் முன் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள்.

அடுத்த பருவத்துக்கான முன்பதிவுக் கடிதம் வந்தது, பழைய வாடிக்கையாளர் சலுகையோடு. சலுகை வேண்டாம். சுவருக்குக் கல் இறக்குவதற்கு முன் கடலோரப் பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து கரையைக் காட்டுங்கள். அவர் தரும் அறிக்கையை எங்களுக்கும் அனுப்புங்கள். விலக்கப்பட்ட அந்த இருவரையும், அவர்களுக்கு விருப்பமிருந்தால், முழுச் சம்பளத்தில் மீண்டும் பணிக்கு அழையுங்கள். இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகுதான் முன்பணம் கட்டுவேன். என்னோடு வழக்கமாக வரும் குடும்பங்களும் அதுவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய விருந்தினர்களில் ஒருவன்