பரண்மேல் கிடக்கும் துப்பாக்கியை யாரிடம் காட்டுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று எங்கள் கடலோரத்தில் பழைய வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ ஒரு துப்பாக்கி கிளம்பினால் போதும், மறுநாளே "கோடி பெறும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. பத்திரிகைகளும் (உங்களுடையதும்தான்) தூரத்தில் நின்று ஒரு படம் பிடித்துப் போட்டு, "பல லட்சம் மதிப்புள்ள" என்று ஒரு வரி சேர்த்துவிடுகின்றன. அந்த மதிப்பை யார் போட்டது என்று யாரும் எழுதுவதில்லை.

என் சித்தப்பா மகனுக்குப் பாகத்தில் வந்த ட்ரங்குப் பெட்டியிலும் இப்படி ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. குதிரைப்படைக்காரர்கள் வைத்திருந்த ரகம். குழல் ஒரு சாணுக்கு இருக்கும், கைப்பிடி அடியில் பித்தளைப் பூண், வெடிமருந்து இடிக்கிற கம்பி கீழே விழுந்துவிடாதபடி குழலோடு கீல் போட்டு மாட்டியிருக்கிறது. மருது பாண்டியர் காலத்துச் சாமான் என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். ஆனால் பக்கத்துத் தகட்டில் இருப்பது கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சிங்கம், அது கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. அந்தச் சிங்கம் வந்ததே 1808 வாக்கில்தான், அதற்கு முன்னால் இதய வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துகளைப் பொறிப்பார்கள். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801-இல். அப்புறம், இதில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வுகிற தாடையே கிடையாது, கேப் (அடித்தால் பொறி வந்து மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) மாட்டுகிற சின்ன முளைதான் இருக்கிறது. பட்டாளத்தில் கல் போய் கேப் வந்தது 1840-களில், கம்பெனி ஆட்சி முடிந்தது 1858-இல். ஆக, எங்கள் துப்பாக்கி இந்த இடைவெளியில் எங்கோ நிற்கிறது. பெரியவர்களுக்கு வருத்தம்தான், என்ன செய்வது.

இதையெல்லாம் படிக்கத் தகட்டில் எழுத்து மிஞ்சியிருக்க வேண்டும். நம் வீடுகளில் பித்தளையைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்காமல் கை நிற்காது. இந்தப் பூணில் படைப்பிரிவு எண் மாதிரி ஏதோ வெட்டியிருந்திருக்கிறது, இப்போது விரலால் தடவினால்தான் லேசாகத் தட்டுப்படுகிறது. உப்புக்காற்றில் ஏறின துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முத்திரையும் துருவோடு போய்விடும், விலையும் அதோடு போகும். லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தால் போதும். அதைவிட முக்கியம், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு குச்சியைக் குழலுக்குள் அடிவரை மெதுவாக விட்டு அடையாளம் வைத்து, அதே குச்சியை வெளியே குழலோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கேப் முளை இருக்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே குச்சி நின்றுபோனால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றும், பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

சரி, விலை. இந்த மாதிரி சாதாரணக் கம்பெனித் துப்பாக்கி இங்கிலாந்து ஏலங்களில் பெரும்பாலும் சில நூறு பவுண்டுக்குத்தான் போகிறது. சுற்றுலாக் கடைகளுக்காகச் செய்த போலிகளிலும் கிரீடமும் சிங்கமும் உண்டு, எழுத்து மட்டும் கோணலாகவோ திருப்பிப்போட்டோ இருக்கும். அசலே ஆனாலும் அந்த ஏல விலை நமக்கு உதவாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது, உள்நாட்டில் அதை வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும்.

வைத்துக்கொள்வதிலும் சிக்கல் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த ரகமோ தொல்பொருள் மதிப்புள்ளதோ பழுதானதோ எதுவானாலும், பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் விலக்குத் தருகிறது. பழசு என்பது மட்டும் போதாது. தோட்டா போடுகிற வெப்லி ரிவால்வர் மாதிரி ஏதாவது கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், அது நேராகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியது. ஆனால் கேப்பை அடிக்கிற சுத்தி (குதிரை என்பார்கள்) துருவேறி இறுகிப்போன இந்தக் கம்பெனிச் சாமானைச் சுட முடியுமா முடியாதா என்று யார் பார்த்துச் சொல்வது? விவரம் கேட்கப் போன இடத்தில் "வேற எத்தனை வச்சிருக்கீங்க?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. இதற்குப் பயந்துதான் பலர் சாக்கில் கட்டிக் கடலில் போட்டுவிடுகிறார்கள், முத்திரையைப் படிக்க ஒரு ஆள்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமப் பிரிவு இருக்கிறது. ராமநாதபுரத்தில் சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனையில் பழைய ஆயுதங்களை வைத்துக்கொண்டு தொல்லியல் துறையும் இருக்கிறது. இரண்டு தரப்பும் வருஷத்துக்கு ஒரு நாளாவது ஒரே மேசையில் உட்கார்ந்து, கொண்டுவருகிறவரைக் குற்றவாளி மாதிரி பார்க்காமல், இது சுடும், இது சுடாது, இது போலி என்று எழுதிக் கொடுக்கலாம். கொண்டுவரும் வழியில் யாரும் மறிக்காமல் இருக்க முன்கூட்டியே ஒரு சீட்டும் தர வேண்டும். இதைத்தான் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேவிபட்டினம்